பேங்கில் 12 லட்சம், கையில் மூன்றரை மாதம்

ஒரு சிறிய அறக்கட்டளையின் ஆண்டுக் கூட்டம். பொருளாளர் கணக்கை வாசித்து முடிக்கிறார். மார்ச் 31 அன்று வங்கி இருப்பு 11,80,000 ரூபாய். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "கிட்டத்தட்ட 12 லட்சம் சும்மா கிடக்குதே, அப்புறம் எதுக்குங்க வீடு வீடா ரசீது புத்தகம் தூக்கிட்டு அலையறீங்க?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். நானும் ஒரு சிறு அறக்கட்டளைக்குச் சில வருடம் பொருளாளராக இருந்தேன். இந்தக் கேள்வி வராத கூட்டமே கிடையாது. முதல் இரண்டு வருடம் எனக்கே பதில் தெரியாமல், "நிறைய செலவு இருக்குங்க" என்று மழுப்பியிருக்கிறேன். பதில் இருக்கிறது. அதற்கு அந்த 11,80,000-ஐ மேசை மேல் கொட்டி, யாருடைய பணம் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு படிப்பகத்தை வைத்துக்கொள்வோம். ஒரு சிறு நகரத்தில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தரும் அறக்கட்டளை. ஆறு ஆசிரியர்கள், தலைக்கு 11,000 என்று 66,000. ஒருங்கிணைப்பாளர் சம்பளம் 18,000. வாடகை 14,000. பிள்ளைகளுக்குச் சுண்டல், பால் 12,000. கரண்ட் பில், நோட்டு, ஆடிட்டர் கட்டணம் என்று மற்றவை 10,000. ஆக மாதச் செலவு 1,20,000 ரூபாய்.

இப்போது வங்கிப் பணம். அதில் 5,00,000, ஒரு நிறுவனம் கம்ப்யூட்டர் அறை அமைக்க மார்ச் கடைசியில் அனுப்பியது. அதில் வாடகை கட்ட முடியாது, சம்பளம் போட முடியாது. கம்ப்யூட்டர் வாங்காவிட்டால் திருப்பித் தர வேண்டும். 2,00,000, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் "இதை டெபாசிட்டில் போட்டு வட்டியை மட்டும் எடுங்கள்" என்று எழுதிக் கொடுத்தது. அதையும் தொட முடியாது. 60,000, மார்ச் மாதத்துக்கே கொடுக்க வேண்டிய பாக்கி: சம்பளம், கட்டணங்களில் பிடித்து வைத்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி (டி.டி.எஸ்.), நோட்டுக் கடைக்காரர் பில், அரியர்ஸ். அது ஏற்கெனவே போய்விட்ட பணம், இன்னும் செக் எழுதவில்லை, அவ்வளவுதான்.

மிச்சம் 4,20,000. அந்தப் படிப்பகத்தின் கையிருப்பு என்று சொல்லத் தகுந்தது இது மட்டும்தான். காப்பு நிதி, சேமநிதி, ரிசர்வ் என்று எந்தப் பெயரில் சொன்னாலும் பொருள் ஒன்றே: யாருடைய நிபந்தனையும் இல்லாத, எந்தக் கடனுக்கும் எழுதிவைக்கப்படாத, நாளைக்கே எடுக்கக்கூடிய பணம்.

இதை 1,20,000-ஆல் வகுத்தால் 3.5. அதாவது நாளை முதல் ஒரு ரூபாய்கூட உள்ளே வராவிட்டால், படிப்பகம் மூன்றரை மாதம் நடக்கும். கேள்வி கேட்டவருக்கான பதில் அதுதான். ஜூலை நடுவில் விளக்கை அணைத்துவிட வேண்டியிருக்கும் என்று சொன்னால் எவருக்கும் புரியும்.

ரூபாயில் ஏன் சொல்லக் கூடாது

கையிருப்பை ரூபாயில் சொல்வதுதான் நம் பழக்கம். மாதத்தில் சொல்லிப் பழகினால் வேறொரு படம் தெரியும். அதே படிப்பகத்தின் பழைய கணக்கை எடுப்போம்.

2019-20-இல் மூன்று ஆசிரியர்கள், சின்ன வாடகைக் கட்டடம், மாதச் செலவு 40,000. கையிருப்பு 2,40,000. ஆறு மாதம்.

2021-22-இல் மாதச் செலவு 65,000. கையிருப்பு 2,90,000. கிட்டத்தட்ட நாலரை மாதம்.

2024-25-இல் மாதச் செலவு 1,20,000. கையிருப்பு 4,20,000. மூன்றரை மாதம்.

ஒவ்வொரு ஆண்டறிக்கையும் "கையிருப்பு உயர்ந்துள்ளது" என்றுதான் சொல்லியிருக்கும். பொய்யும் இல்லை. ஐந்து வருடத்தில் 75 சதவீதம் உயர்ந்திருக்கிறது. ஆனால் செலவு மூன்று மடங்கு ஆகிவிட்டது. சட்டை பெரிதாகிக்கொண்டே போனது, உள்ளே இருக்கும் ஆள் அதைவிட வேகமாக வளர்ந்துவிட்டார். நல்ல வேலை செய்து வளரும் அமைப்புகள்தான் பெரும்பாலும் இந்தக் குழியில் விழுகின்றன. வேலை செய்யாத அமைப்புக்கு இந்தப் பிரச்சினையே வராது.

அதனால் ஒரு வருடக் கணக்கை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஐந்து மார்ச் 31-களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வருடம் பற்றாக்குறை வந்தது என்பது பெரிய விஷயமில்லை. முந்தைய வருடம் மார்ச்சில் வந்த பணத்தை அடுத்த வருடம் செலவழித்திருப்பார்கள், காகிதத்தில் ஒரு வருடம் உபரியாகவும் அடுத்தது பற்றாக்குறையாகவும் தெரியும். மூன்று வருடம் தொடர்ந்து மாத எண்ணிக்கை இறங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

எத்தனை மாதம் இருந்தால் போதும்? சிறு அமைப்புகளுக்கு மூன்று முதல் ஆறு மாதம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. என் அபிப்பிராயம் கொஞ்சம் வேறு. வரவில் பெரிய பங்கு யாரிடமிருந்து வருகிறது என்பதை முதலில் பாருங்கள். 300 பேர் மாதம் 500 ரூபாய் அனுப்புகிற அமைப்புக்கு மூன்று மாதம் தாராளம். 300 பேரும் ஒரே நாளில் நிறுத்திவிட மாட்டார்கள். வரவில் முக்கால் பங்கை ஒரே நிறுவனம் தருகிறது என்றால் ஆறு மாதம்கூடப் போதாது. அந்த நிறுவனத்தில் ஒரு மேலாளர் மாறினாலே உங்கள் வருடம் மாறிவிடும்.

இதை 2020-இல் நேரில் பார்த்தேன். மார்ச் 25 ஊரடங்கு. ஏப்ரலில் வர வேண்டிய இரண்டாம் தவணையை ஒரு பெரிய நன்கொடையாளர் "தற்போதைக்கு நிறுத்தி வைக்கிறோம்" என்று இரண்டு வரி மின்னஞ்சலில் முடித்துவிட்டார். எங்களிடம் அப்போது இரண்டு மாதக் காசுதான் இருந்தது. மே மாதம் எல்லோருக்கும் பாதிச் சம்பளம். அதைச் சொல்ல ஒவ்வோர் ஆசிரியருக்கும் போன் போட்ட அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், மாதம் 200, 500 என்று அனுப்பிக்கொண்டிருந்தவர்களில் பாதிக்கு மேல் அந்த மாதங்களிலும் அனுப்பினார்கள்.

சேர்த்து வைக்கவே கூடாதா?

"லாப நோக்கற்ற அமைப்பு என்றால் வருட முடிவில் பூஜ்யம் இருக்க வேண்டும்" என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அறங்காவலர்கள்கூட. அது தவறு. மிச்சம் பிடிக்கலாம். அந்த மிச்சத்தை நிர்வாகிகள் பங்கு போட்டுக்கொள்ளத்தான் கூடாது.

ஆனால் அந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் உண்டு: வருமான வரிச் சட்டத்தின் 85 சதவீத விதி. 12ஏ பதிவு (வரி விலக்குக்கான பதிவு) பெற்ற அறக்கட்டளை, அந்த விலக்கு வேண்டுமென்றால், ஒரு வருட வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த வருடத்துக்குள் தன் நோக்கங்களுக்குச் செலவழிக்க வேண்டும். இதைக் கேட்டதும் பலர், மார்ச் மாதம் பிறந்தால் பணத்தைத் தீர்த்துக்கட்டுவதில் இறங்கிவிடுகிறார்கள். தேவையில்லாத பீரோ, ஒரு பயிற்சி முகாம், இன்னும் பத்து நாற்காலி. ஏப்ரல் 1 அன்று சம்பளத்துக்குக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள்.

விதியைத் திருப்பிப் படியுங்கள். 15 சதவீதத்தை எந்தக் காரணமும் சொல்லாமல் சேர்த்து வைக்கலாம் என்றும் அதுதான் சொல்கிறது. நம் படிப்பகத்தின் பொது வருமானம் 16,00,000 என்றால், அதில் 2,40,000 வரை ஒதுக்கலாம். செலவு 14,40,000 போக உண்மையில் மிஞ்சுவது 1,60,000. வரம்புக்குள்தான் இருக்கிறது, ஒரு படிவமும் தேவையில்லை.

மார்ச் கடைசியில் வந்த அந்த 5,00,000 ரூபாய்தான் சிக்கல். அதையும் வருமானத்தில் சேர்த்தால் மொத்தம் 21,00,000. அதில் 85 சதவீதம் 17,85,000. செலவழித்ததோ 14,40,000. 3,45,000 குறைகிறது. இதற்கும் வழி இருக்கிறது. அடுத்த வருடமே செலவழித்துவிடுவோம் என்றால் படிவம் 9ஏ. கட்டடம் போல நாள் பிடிக்கும் வேலை என்றால் படிவம் 10: என்ன நோக்கத்துக்கு என்று குறிப்பாக எழுதி, 5 ஆண்டுகள் வரை சேர்த்து வைக்கலாம். அதற்குள் அந்த நோக்கத்துக்குச் செலவழிக்காவிட்டால் வரி. இந்தப் படிவங்களை வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கான கெடுவுக்கு இரண்டு மாதம் முன்பே போட வேண்டும். கெடு அக்டோபர் 31 என்றால் இவற்றுக்கு ஆகஸ்ட் 31. ஆடிட்டரைச் செப்டம்பரில் போய்ப் பார்க்கிற அறக்கட்டளைகள் இங்கேதான் மாட்டுகின்றன. குறிப்பிட்ட வேலைக்கென்று வந்த பணத்தை வருமானமாகக் காட்டுவதா, பொறுப்பாக, அதாவது கடன் போலக் காட்டுவதா என்பதில் ஆடிட்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஆடிட்டர் எப்படிக் காட்டுகிறார் என்று கேட்டு வையுங்கள்.

இவையெல்லாம் 1961-ஆம் வருடச் சட்டத்தின் வழியில் பழகிய பெயர்கள். 2025-இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல். பிரிவு எண்கள் மாறுகின்றன. 85-க்கு 15 என்ற அடிப்படை மாறவில்லை.

சாவா மூவா ஆடுகள்

ஆசிரியை கொடுத்த அந்த 2,00,000 ரூபாய்க்கு ஆடிட்டர் பாஷையில் கார்பஸ் என்று பெயர். மூலநிதி. நமக்கு இது புதிய சங்கதியே இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு வைக்க 96 ஆடுகள் கொடுத்ததாக வரும், சில இடங்களில் 90. ஆடுகளை ஓர் இடையர் வாங்கிக்கொண்டு தினம் உழக்கு நெய் கோயிலுக்கு அளப்பார். ஆடு சாகும், கிழடாகும். ஆனால் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். மூலநிதிக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. நெய்யை எரிக்கலாம், ஆட்டை அடித்துத் தின்னக் கூடாது.

இன்றைய சட்டத்தில் இது மூலநிதியாக வேண்டுமென்றால், கொடுப்பவர் அப்படிக் குறிப்பிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். எழுத்தில் வாங்கிவிடுங்கள், வாய்ச்சொல் ஆடிட்டரிடம் செல்லாது. அப்படி வந்த பணம் அந்த 85 சதவீதக் கணக்கில் சேராது. ஆனால் சட்டம் அனுமதித்த முதலீடுகளில், மூலநிதிக்கென்றே தனியாக இருக்க வேண்டும். வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு, அரசுப் பத்திரம், மியூச்சுவல் ஃபண்ட் அந்தப் பட்டியலில் உண்டு. தங்கக் காசு கிடையாது. அறங்காவலரின் மச்சான் கடைக்கு வட்டிக்கு விடுவது கண்டிப்பாகக் கிடையாது. சிரிக்காதீர்கள், நடக்கிறது.

மூலநிதி நல்லதுதான். ஆனால் அதைக் கையிருப்போடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள். அவசரத்துக்கு உதவுவது அதன் வட்டி மட்டுமே. 7 சதவீதம் என்று வைத்தாலும் 2,00,000-க்கு வருடம் 14,000. நம் படிப்பகத்துக்கு மூன்றரை நாள் செலவு.

பணம் எங்கிருந்து சேரும்

கையிருப்பைச் சேர்ப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று கேட்டால், பெரிய பணம் எல்லாம் இன்ன வேலைக்கு மட்டும் என்று கட்டுப்போட்டுத்தான் வருகிறது. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்தோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். சி.எஸ்.ஆர். என்கிறோமே, அதுதான். அது திட்டத்துக்கான பணம். 2021 ஜனவரியில் விதிகள் திருத்தப்பட்ட பிறகு, ஓர் அமைப்பின் மூலநிதிக்குக் கொடுப்பது சி.எஸ்.ஆர். செலவாகக் கணக்கில் வராது. கம்ப்யூட்டருக்குக் காசு வரும், கம்ப்யூட்டர் வைத்த அறையின் வாடகைக்கு வராது.

வெளிநாட்டு நன்கொடை என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். 2020 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் பேங்கின் குறிப்பிட்ட கிளையில் உள்ள கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதம்தான். முன்பு 50 இருந்தது. அந்தப் பணத்தை உள்ளூர்ப் பணத்தோடு கலக்கக் கூடாது, இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் கூடாது. பதிவைப் புதுப்பிக்கவில்லை என்றால் இருக்கிற பணமும் முடங்கும். அதனால் எஃப்.சி.ஆர்.ஏ. இருப்பை நான் கையிருப்பில் சேர்ப்பதே இல்லை. தனிப் பத்தியில் எழுதிவிடுவேன்.

அப்படியானால் கையிருப்பு சேர்வது நிபந்தனை இல்லாத சில்லறை நன்கொடையில், வட்டியில், சிறு கட்டணங்களில். வீடு வீடாகப் போகும் ரசீது புத்தகத்தில். இன்னொன்று, வருகிற ஒவ்வொரு திட்டத்திலும் அந்தத் திட்டத்துக்கு ஆகும் வாடகை, கரண்ட், கணக்கு எழுதுபவர் சம்பளம் ஆகியவற்றின் பங்கைக் கூச்சப்படாமல் கேட்டு வாங்குவது. கேட்காவிட்டால் அந்தப் பங்கு சத்தமில்லாமல் கையிருப்பிலிருந்து போகும். 2019-20-க்கும் 2024-25-க்கும் நடுவில் நம் படிப்பகத்தின் மாதங்கள் கரைந்தது பெரும்பாலும் இந்த ஓட்டையில்தான். ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தை எந்தத் திட்டமும் ஏற்கவில்லை.

ஆறு மாதத்துக்கு எப்போது போய்ச் சேருவோம்? இன்றைய செலவில் ஆறு மாதம் என்றால் 7,20,000. இருப்பது 4,20,000. வருடம் 1,60,000 மிஞ்சினால் இரண்டு வருடத்தில் எட்டிவிடலாம் என்று தோன்றும். செலவு வருடம் 10 சதவீதம் ஏறும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். மிச்சம் மாறாமல் அதே 1,60,000. முதல் வருட முடிவில் 5,80,000, மாதச் செலவு 1,32,000, 4.4 மாதம். இரண்டாம் வருடம் 5.1. மூன்றாம் வருடம் 5.6. நான்காவது வருடம்தான் ஆறைத் தொடும். எதிர்பாராமல் எதுவும் நடக்காவிட்டால். இந்த நாலு வருடக் கணக்கைக் கூட்டத்தில் கரும்பலகையில் போட்டுக் காட்டினால், "அந்தப் பணத்துல ஒரு வேன் வாங்கிடலாமே" என்று சொல்லவந்தவர் உட்கார்ந்துவிடுவார்.

மறுபக்கமும் உண்டு. இரண்டு மூன்று வருடச் செலவுக்கான பணத்தை வைப்பில் போட்டுவிட்டு, பிள்ளைகளுக்குச் சுண்டலை வாரம் மூன்று நாளாகக் குறைக்கும் அமைப்புகளும் இருக்கின்றன. அவர்களிடம் இந்தப் பணம் எதற்காக என்று கேட்க நன்கொடையாளருக்கு முழு உரிமை உண்டு. எழுத்தில் ஒரு காரணம் இருந்தால் சரி. பயத்தைத் தவிர வேறு காரணம் இல்லையென்றால் எனக்கு அது பிடிக்காது.

கையிருப்பைத் தனி வைப்பில் வையுங்கள். ஒரே 4,20,000-ஆக வேண்டாம், மூன்றாகப் பிரித்து, வெவ்வேறு மாதத்தில் முதிர்கிற மாதிரி போடுங்கள். ஒன்றை இடையில் உடைக்க நேர்ந்தாலும் மற்ற இரண்டுக்கும் வட்டி போகாது. எத்தனை மாதம் இலக்கு, எந்த நிலைமையில் எடுக்கலாம், எடுத்ததை எத்தனை நாளில் திருப்பி நிரப்ப வேண்டும் என்று ஒரு பக்கத் தீர்மானம் நிறைவேற்றி மினிட் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள். "அடுத்த மாசம் போட்டுடலாம்" என்று எடுத்த பணம் அடுத்த மாதம் வந்து நான் பார்த்ததில்லை.

ஐந்து வருடக் கணக்கை எடுக்கப் பழைய ஆண்டறிக்கைகள் கிடைக்கவில்லையா? பெரும்பாலான இடங்களில் கிடைக்காது, யாராவது ஒரு முன்னாள் செயலாளர் வீட்டுப் பரணில் இருக்கும். பாஸ்புக்கை வைத்தே ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு மார்ச் 31 இருப்பையும் ஒரு வரியாக எழுதுங்கள். அதிலிருந்து கட்டுப்போட்டு வந்த பணம், மூலநிதி, பாக்கி மூன்றையும் கழியுங்கள். மிஞ்சியதை அந்த வருட மாதச் செலவால் வகுத்துக் கடைசிப் பத்தியில் எழுதுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்து வேலை. கட்டுப்போட்டு வந்தது எது என்று நினைவில்லாத வருடங்களுக்கு ரசீது புத்தகத்தின் அடிக்கட்டைப் புரட்ட வேண்டியிருக்கும். அதற்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை.